வேம்பில் கூடு கட்டிய பழுப்புக் காக்கை

வாசல்வேம்பு | மே 9, காலை 7.20

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் ஒரு வேம்பு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல், அதையொட்டி மதில். சமைத்ததும் முதல் கைப்பிடிச் சோற்றை அந்த மதில்மேல் வைப்பது என் மாமியார் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். அந்தச் சோற்றுக்கு வழக்கமாக ஏழெட்டுக் காக்கைகள் வரும். சித்திரை இரண்டாம் வாரத்தில் அவற்றின் நடுவே இதுவரை நான் காணாத ஒன்று வந்து உட்கார்ந்தது.

உருவத்திலும் நடையிலும் குரலிலும் அது காக்கையேதான். நிறம் மட்டும் பாலைத் தாராளமாக ஊற்றிய காப்பியைப் போல இருந்தது. மற்றக் காக்கைகளுக்குச் சாம்பல் நிறமாக இருக்கும் கழுத்து இதற்குச் சந்தனக் குழம்பின் வெளிர்நிறமாக இருக்கிறது. இறக்கை நுனிகளும் வாலின் ஓரமும் ஏறக்குறைய வெண்மையாகவே தெரிகின்றன. மற்றக் காக்கைகள் இதைத் துரத்துவதும் இல்லை, இதற்கு வழிவிடுவதும் இல்லை. தனக்குரிய முறை வரும்போது சோற்றைக் கொத்திக்கொண்டு போகிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இதைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ நடக்கப்போவதற்கு அறிகுறி என்றார். தொலைபேசியில் சொன்னபோது என் தம்பி, "வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்கு அக்கா" என்றான். படம் அனுப்பிய பிறகுதான் நம்பினான். நம்பியதும் அல்பினோ என்று பெயரும் சூட்டிவிட்டான். அந்தப் பெயர் சரிதானா, இந்தப் பறவைக்கு நோய் ஏதும் இருக்கிறதா, நாங்கள் ஏதேனும் செய்ய வேண்டுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தாழ்வாரம் | மே 9, காலை 9.05

உங்கள் தம்பி சொன்னது சரி, அம்மா. நிறமி இல்லாத உயிர்களை அல்பினோ என்று சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரிலும் இப்படி ஒரு காக்கையைப் பிடித்தார்கள். செய்தித்தாளில் "அதிசய அல்பினோ காக்கை" என்றே வந்தது. ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாத பறவை உங்கள் கொல்லைக்கு வந்திருக்கிறது.

ஏரிக்கரை | மே 9, இரவு 8.40

தாழ்வாரம் அவர்கள் மன்னிக்க வேண்டும். இது அல்பினோ அன்று என்பதை அம்மா எழுதிய முதல் பதிவே காட்டிவிடுகிறது. அல்பினோ என்பது உடலில் மெலனின் என்னும் நிறமி அறவே உண்டாகாத நிலை. மெலனின் உண்டாவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் இறகில் மட்டுமின்றித் தோலிலும் அலகிலும் காலிலும் கண்ணிலும் கருமை இராது. கண்ணுக்குள் ஓடும் இரத்தமே தெரிவதால் கண் இளஞ்சிவப்பாகத் தோன்றும். பாதி அல்பினோ என்று ஒன்று இருக்க முடியாது. காப்பி நிறம் என்று நீங்கள் எழுதும் அளவுக்கு ஓர் இறகில் பழுப்பு இருந்தால், அங்கே மெலனின் இருக்கிறது.

வளர்ந்த அல்பினோப் பறவையை வெளியில் காண்பது மிகவும் அரிது என்பதற்கும் கண்தான் காரணம். கண்ணின் உள்திரையில் நிறமி இல்லாவிட்டால் ஒளி சிதறும். தொலைவைக் கணிக்கும் திறன் குறையும். கூட்டில் இருக்கும்வரை பெற்றோர் ஊட்டுவதால் பிழைக்கும் குஞ்சு, பறக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே இறந்துவிடுவது வழக்கம். ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் வாழும் வெள்ளைப் பறவையைப் பற்றி எங்காவது படித்தால், அது பெரும்பாலும் வேறு வகை என்று எண்ணிக்கொள்ளலாம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1886 முதல் வெளியிட்டுவரும் ஆய்விதழின் பழைய தொகுதிகளிலேயே அல்பினோப் பறவைகள் என்ற தலைப்பில் பல குறிப்புகள் உண்டு. வெண்மை எங்கே தெரிந்தாலும் அந்த ஒரு சொல்லால் அழைத்துவிடும் பழக்கம் அவ்வளவு பழையது. இங்கிலாந்தின் ட்ரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பில் பின்னாளில் பணியாற்றிய ஹைன் வான் குரோவ், 2006-இல் இதைப் பற்றி விரிவாக எழுதி, ஒவ்வொரு நிற மாற்றத்தையும் அது உண்டாகும் விதத்தைக்கொண்டே பெயரிட வேண்டும் என்று வற்புறுத்தினார். அல்பினோ, லியூசிசம் (நிறமிச் செல்களே சென்று சேராததால் வரும் வெண்மை), முதிர்நரை, பழுப்புப் பிறழ்வு, நீர்த்தல் (நிறமியின் அளவு குறைந்து வெளிறுவது) என்று அவர் பிரித்துக் காட்டியவை ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் நிகழ்பவை.

அம்மா, மூன்று செய்திகளை அருகிலிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா? கண் என்ன நிறம்? அலகும் காலும் கறுப்பா, பழுப்பா, ரோஜா நிறமா? இறக்கையை விரிக்கும்போது, மற்ற இறகுகளின் அடியில் மறைந்திருக்கும் பகுதி வெளியே தெரியும் பகுதியைவிட அடர்த்தியாக இருக்கிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

வாசல்வேம்பு | மே 12, மாலை 5.15

ஐயா, நீங்கள் கேட்டதற்காக மூன்று நாட்கள் காலையும் மாலையும் சமையலறைச் சன்னலிலிருந்து கவனித்தேன். கண் மற்றக் காக்கைகளுக்கு இருப்பதைப் போலவே கருமையாக இருக்கிறது. அலகு புளியங்கொட்டை நிறம், காலும் அப்படியே.

மூன்றாவது கேள்விக்கு விடை என் கைக்கே வந்து சேர்ந்தது. நேற்று வேம்படியைக் கூட்டும்போது நீளமான இறக்கை இறகு ஒன்று கிடைத்தது. அதை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். நடுத்தண்டுக்கு ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கிறது. குறுகிய பக்கமும் நுனியும் வெயிலில் பல நாள் கிடந்த ஓலையைப் போல வெளுத்திருக்கின்றன. அகன்ற பக்கத்தின் உள்ளோரம் மட்டும் நல்ல காப்பிக்கொட்டையின் பழுப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததைப் போல ஓர் எல்லை தெரிகிறது. நுனியில் இழைகள் உதிர்ந்து, பழைய துடைப்பத்தின் முனை போல இருக்கிறது. இவ்வளவு காலம் காக்கைக்குச் சோறு வைத்திருந்தும், ஓர் இறகை இப்படிக் கையில் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

ஏரிக்கரை | மே 12, இரவு 9.30

இந்த வருணனைக்கு என் நன்றி. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இது பழுப்புப் பிறழ்வு.

காக்கையின் கருமை யூமெலனின் என்ற வகை மெலனினால் வருகிறது. அந்த நிறமி உருவாகும் வேதிவினை கடைசிப் படிவரை சென்றால் கறுப்பு கிடைக்கும். கடைசிப் படி நிறைவேறாமல் நின்றுவிட்டால் பழுப்பு கிடைக்கும். நிறமியின் அளவு குறையவில்லை. அது முழுமையாகப் பக்குவப்படவில்லை. இப்படி அரைப்பக்குவத்தில் நின்ற நிறமி வெயிலைத் தாங்காது. அதனால் புதிதாக முளைக்கும்போது அடர்பழுப்பாக இருக்கும் இறகு, வெயில் படும் இடங்களில் மாதக்கணக்கில் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். பக்கத்து இறகு மூடியிருக்கும் பகுதி மட்டும் பழைய நிறத்தைக் காத்து வைத்திருக்கும். நீங்கள் கண்ட அந்த எல்லைக்கோடு, ஓர் இறகு இன்னோர் இறகின்மேல் படிந்திருந்த விளிம்பு. வெளிர்ந்த பறவையைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் லியூசிசம் என்றோ அல்பினோ என்றோ சொல்லிவிடுவது இதனால்தான்.

நுனி சிதைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. மெலனின் நிறத்தைத் தருவதோடு இறகுக்கு உறுதியையும் தருகிறது. வெண்ணிறக் கடற்காகங்கள் பலவற்றுக்கு இறக்கை நுனி மட்டும் கறுப்பாக இருப்பதை நம் கடற்கரைகளில் பார்த்திருப்பீர்கள். மிகுதியாகத் தேயும் இடம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பழுப்புப் பிறழ்வு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தோடு (குரோமோசோம்) ஒட்டி வருவது. மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என இருவேறு நிறமூர்த்தங்கள் இருப்பதைப் போலப் பறவைகளில் பெண்ணுக்குத்தான் இசட், டபிள்யூ என இருவேறு நிறமூர்த்தங்கள் உள்ளன. ஆணுக்கு இரண்டும் இசட். பெண்ணிடம் ஒரே ஒரு இசட் இருப்பதால் அதில் மாற்றம் இருந்தாலே நிறம் வெளிப்பட்டுவிடும். ஆணில் வெளிப்பட வேண்டுமானால் இரண்டிலும் மாற்றம் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் மதிலுக்கு வருவது அநேகமாகப் பெண் காக்கை. அதன் தகப்பன் பார்வைக்குச் சாதாரணக் கறுப்புக் காக்கையாக இருந்து, இந்த மாற்றத்தை மறைவாகச் சுமந்திருக்கும்.

மணிப்புறா | மே 13, காலை 6.50

நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஏரிக்கரை அவர்களின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் ஊரில் காணப்படும் வெள்ளை கலந்த காக்கைகள் எல்லாவற்றுக்கும் பரம்பரைதான் காரணம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பெருநகரக் குப்பைமேடுகளிலும் சந்தைகளிலும் இறக்கையின் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும் இளங்காக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குப் பெரும்பாலும் குறைபட்ட உணவே காரணமாக இருக்கும். லைசின் என்ற அமினோ அமிலம் போதாமல் வளர்க்கப்பட்ட வெண்கலநிற வான்கோழிக் குஞ்சுகளின் இறக்கை இறகுகளில் வெள்ளைப் பட்டைகள் தோன்றுவது கோழிப் பண்ணையியலில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. தீவனத்தைச் சரிசெய்தால் அடுத்து முளைக்கும் இறகு முழு நிறத்தோடு வரும். அரிசியில் லைசின் குறைவு. புழுவும் பூச்சியும் கிடைக்காமல் சோற்றையும் எச்சில் இட்லியையும் மட்டுமே ஊட்டி வளர்க்கப்படும் காக்கைக் குஞ்சுக்கும் இது நேரலாம். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் வைக்கும் ஒரு கைப்பிடி அதன் உணவில் சிறு பங்குதான். பூச்சிகள் வாழ்வதற்குக் கொல்லையில் கொஞ்சம் புல்லையும் சருகையும் விட்டு வையுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொன்று முதிர்நரை. ஒவ்வோர் ஆண்டும் இறகு உதிர்ந்து முளைக்கும்போது சில இறகுகள் வெள்ளையாக வரும். அடுத்த ஆண்டு இன்னும் சில கூடும். இங்கும் அங்குமாக ஒழுங்கின்றிப் பரவுவது இதன் அடையாளம். நம் தோலில் வரும் வெண்புள்ளிகளைப் போல நிறமிச் செல்கள் படிப்படியாக இழக்கப்படும் நிலை இது. லியூசிசம் இதிலிருந்து வேறுபட்டது. கருவிலேயே நிறமிச் செல்கள் தோலின் சில பகுதிகளுக்குச் சென்று சேராததால் உண்டாவது அது. பிறந்தபோது எங்கே வெள்ளையோ அங்கேயே கடைசிவரை வெள்ளை, கண் மட்டும் எப்போதும் கருமை. ஒரே பறவையை இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவரால்தான் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும். இது ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்க்கும் வழக்கு அன்று.

பனங்கூடல் | மே 13, இரவு 7.10

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பிறழ்வைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில், பிறழ்வே அல்லாதவற்றைப் பற்றியும் ஓரிரு சொல் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பகுதியில் பறவைப் படம் அனுப்பி "இது என்ன விசித்திரம்" என்று கேட்பவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் காட்டுவது முற்றிலும் இயல்பான பறவையாகவே இருக்கிறது.

கொக்கின் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகிவிட்டன, யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்று ஒருவர் கவலையோடு எழுதியிருந்தார். அது இனப்பெருக்கக் காலத்து உண்ணிக்கொக்கு. தேன்சிட்டின் மஞ்சள் மார்பில் நடுவே கரிக்கோடு போட்டதுபோல இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். அது பளபளக்கும் கோலத்தைக் களைந்து எளிய கோலத்தில் இருக்கும் ஆண் ஊதாத் தேன்சிட்டு. இளம் கரிச்சானுக்கு வயிற்றில் மீன்செதில் போன்ற வெண்விளிம்புகள் இருக்கும். பூக்களுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கும் பறவைகளுக்கு நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொண்டு மஞ்சள் திலகம் வைத்ததுபோல ஆகும். ஒரு குளியலில் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அரசவால் ஈப்பிடிப்பான். ஆண் பறவைக்கு அதன் உடலைவிட நீளமான இரண்டு வால் இறகுகள் இருக்கும். இந்தியாவில் வாழும் ஆண்கள் இளமையில் செங்கபில நிறமாக இருந்து, வயது ஏறியபின் தலை மட்டும் கறுப்பாக நிற்க, உடல் முழுவதும் தூய வெள்ளையாக மாறுவதுண்டு. இலங்கையில் நிலையாக வாழும் இனத்து ஆண்களோ முதுமையிலும் செங்கபிலமாகவே இருக்கும். ஆகவே மாரிகாலத்தில் எங்கள் வளவுக்குள் வெள்ளை வால் ஒன்று நெளிந்து போனால், அது கடல் கடந்து வந்த விருந்தாளி என்று கொள்கிறோம். சிங்கள மக்கள் வெள்ளையைத் துணித்திருடன் என்றும் செங்கபிலத்தை நெருப்புத்திருடன் என்றும் அழைப்பார்கள். ஒரே பறவைக்கு இரு பெயர் இருப்பதே, அந்நிறங்களை மக்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் கழுத்தில் மஞ்சள் இருந்ததையும், அது என்ன என்று கேட்கவே அவர் முதன்முதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதையும் பலர் அறிந்திருப்பீர்கள். அது நிறம் பிறழ்ந்த ஊர்க்குருவி அன்று. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்ற தனியினம். அங்கிருந்த மில்லார்ட் என்பவர் அந்தச் சிறுவனுக்குப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், பாடம் செய்யப்பட்ட பறவைகள் இருந்த பேழைகளைத் திறந்து காட்டினார்.

தாழ்வாரம் | மே 14, காலை 8.00

ஏரிக்கரை அவர்களுக்கும் மருத்துவர் ஐயாவுக்கும் நன்றி. அல்பினோ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. இப்படிப்பட்ட பறவை எளிதில் எதிரியின் கண்ணில் பட்டுவிடும் அல்லவா? உயிரியல் பூங்காவில் சேர்த்தால் அதன் உயிருக்குப் பாதுகாப்பாகவும், பள்ளிக் குழந்தைகள் பார்ப்பதற்கு வாய்ப்பாகவும் இருக்காதா? எங்கள் ஊரில் பிடித்ததும் நல்லெண்ணத்தில்தான்.

வடகரை | மே 14, காலை 11.25

அந்த நல்லெண்ணத்தைப் பற்றி எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நான் இதுவரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோப்பை ஒட்டிய பட்டுப்போன பனையின் பொந்தில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரித்திருந்தன. பொந்தின் வாயிலிருந்து ஒரு நாள் எட்டிப் பார்த்த தலை எலுமிச்சம்பழ மஞ்சளாக இருந்தது. கண் சிவப்பு. உடன்பிறந்தவை இரண்டும் வழக்கமான பச்சை. தாய்க்கிளி மூன்றுக்கும் ஒரே மாதிரி ஊட்டியது. பத்து நாட்கள் அதைப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. வெளியே வந்து பனையின் தண்டில் தொற்றி நின்ற காலையில், வெயில் பட்டு அது ஒளிர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மகிழ்ச்சி தாங்காமல் படம் எடுத்து, ஊரின் பெயரையும் தோப்புக்கு வரும் வழியையும் சேர்த்துச் சமூக ஊடகத்தில் போட்டேன். எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலை பனையின்மீது ஏணி சாய்த்த தடம் இருந்தது. பொந்தின் வாய் அரிவாளால் அகலப்படுத்தப்பட்டிருந்தது. மஞ்சள் குஞ்சும் இல்லை, பச்சைக் குஞ்சுகளும் இல்லை. தாய்க்கிளி இரண்டு நாட்கள் அந்தப் பனையைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. பிடித்தவர் யார் என்று தெரியவில்லை. வழி காட்டியது நான். அடுத்த ஆண்டு அந்தப் பொந்துக்கு எந்தக் கிளியும் வரவில்லை.

வாசல்வேம்பு அம்மாவிடம் என் ஒரே வேண்டுகோள், ஊரின் பெயரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஏரிக்கரை | மே 14, இரவு 10.05

வடகரை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு சற்று நேரம் எதையும் எழுத முடியவில்லை. இந்தப் பாடத்தை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி, நண்பரே.

நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிறம் மாறியிருப்பதால் அது வளர்ப்புப் பறவை ஆகிவிடாது. காட்டில் பிறந்த மஞ்சள் கிளிக்குக் கள்ளச் சந்தையில் விலை அதிகம் என்பதால்தான் ஏணி வருகிறது.

அந்தக் கிளி ஏன் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருந்தது என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். கிளியின் பச்சை, இரண்டு நிறங்களின் கூட்டு. இறகிழைகளுக்குள் உள்ள நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தை உண்டாக்குகிறது. அந்த நீலம் துலங்குவதற்குப் பின்னால் மெலனின் இருந்தாக வேண்டும். அதன்மேல் கிளிகள் மட்டுமே தம் உடலில் உருவாக்கும் ஒரு மஞ்சள் நிறமி படிகிறது. மெலனின் போய்விட்டால் நீலமும் போய்விடும். மஞ்சள் மட்டும் எஞ்சும். மாறாக அந்த மஞ்சள் நிறமி உண்டாகாவிட்டால் நீலக் கிளி பிறக்கும். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜெரிகர் பறவைகளில் நீலநிறம் தோன்றுவதற்குக் காரணமான மரபணுவை 2017-இல் கண்டறிந்தார்கள்.

தாழ்வாரம் அவர்களின் ஐயம் நியாயமானது. வெளிர்நிறப் பறவை வல்லூறின் கண்ணில் முதலில் படலாம் என்பது உண்மை. ஆனால் இந்தக் காக்கை ஏற்கனவே வளர்ந்து, கூட்டத்தோடு உண்டு, தன் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறது. நம்மால் அதற்குத் தரக்கூடிய பாதுகாப்பு, அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது மட்டுமே. பார்த்ததை, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் படத்துடனும், எந்தெந்தப் பகுதி எந்த நிறம் என்ற குறிப்புடனும் பதியுங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போதும் அந்தப் பறவை அதே பகுதியில் இருந்தால் மறுபடியும் பதியுங்கள். கூட்டின் இடத்தை மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

அக்கரைச்சீமை | மே 16, காலை 5.30

பல ஆண்டுகளாக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வசிக்கும் எனக்கு, நிறமி என்றாலே மெலனின் என்ற எண்ணத்தை மாற்றியது இங்குள்ள கார்டினல் பறவை. வீட்டுத் தோட்டங்களில் விதை தின்ன வரும் இதன் ஆண் குங்குமச் சிவப்பாக இருக்கும். பக்கத்து மாநிலமான அலபாமாவில் அலபாஸ்டர் என்ற ஊரின் ஒரு வீட்டுக் கொல்லைக்கு 2018-இல் முழு மஞ்சள் கார்டினல் ஒன்று வந்தது. கொண்டை முதல் வால் வரை மஞ்சள். முகத்தின் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. மெலனினில் குறை இல்லை என்பதற்கு அந்தக் கறுப்பே அத்தாட்சி.

ஆபர்ன் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர் ஜெஃப்ரி ஹில் அதை விளக்கினார். கார்டினல் தின்னும் பழங்களிலும் விதைகளிலும் இருப்பது கரோட்டினாய்டு என்ற வகை மஞ்சள் நிறமி. அதைச் சிவப்பாக மாற்றும் வேலையைப் பறவையின் உடலில் உள்ள நொதி செய்கிறது. அந்த நொதிக்கான மரபணு பழுதுபட்டால் தின்ற மஞ்சள் மஞ்சளாகவே இறகுக்கு வந்து சேர்கிறது. கோடியக்கரைப் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் உணவில் கிடைக்கும் கரோட்டினாய்டால் வருவதுதான். கறுப்பைப் பறவை தானே ஆக்கிக்கொள்கிறது. சிவப்பையும் மஞ்சளையும் பெரும்பாலும் தின்று சேர்க்கிறது. கிளிகள் இதற்கு விலக்கு.

வாசல்வேம்பு | ஜூன் 3, மாலை 6.20

மூன்று வாரமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பழுப்புக் காக்கை எங்கள் வேம்பிலேயே கூடு கட்டியது. சுள்ளியோடு துணிக்கொடிக் கம்பியின் ஒரு துண்டையும் உருவிக்கொண்டு போனது. சோடி சேர்ந்திருப்பது வழக்கமான கறுப்புக் காக்கை. மாடி அறைச் சன்னலிலிருந்து கூட்டின் விளிம்பு தெரிகிறது. கூட்டில் படுத்திருக்கும்போது அதன் வெளிர் வால் இலைகளுக்கு நடுவே பழுத்த வாழைச்சருகு போலத் தெரிகிறது. இப்போது குஞ்சுகளின் குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா இப்போது அறிகுறி என்று பேசுவதில்லை. குஞ்சும் தாயைப் போலவே இருக்குமா என்று நாள்தோறும் மதிலருகே வந்து கேட்கிறார். நானும் அதையே உங்களிடம் கேட்கிறேன்.

ஏரிக்கரை | ஜூன் 3, இரவு 9.00

தகப்பன் இந்த மாற்றத்தைச் சுமக்காத காக்கையாக இருந்தால் எல்லாக் குஞ்சுகளும் கறுப்பாகவே இருக்கும். மகள்களுக்கு இசட் நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே அவர்களிடம் தாயின் பழுப்பு அறவே இராது. மகன்கள் தாயின் மாற்றத்தை ஒரு பங்கு பெற்றுக்கொள்வார்கள். ஆனால் தகப்பனின் பங்கு அதை மறைத்துவிடும். அந்த மகன்களுக்குப் பிறக்கும் பெண் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் பழுப்பாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. உங்கள் ஊரில் சில ஆண்டுகள் கழித்து, தொடர்பே இல்லாத ஒரு மரத்தில், இரண்டு கறுப்புக் காக்கைகளுக்குப் பழுப்புக் குஞ்சு ஒன்று பிறந்தால், அதன் பாட்டி உங்கள் மதிலில் சோறு தின்றவளாக இருக்கலாம்.

வாசல்வேம்பு | ஜூன் 27, காலை 7.45

மூன்று குஞ்சுகள் கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்துவிட்டன. இரண்டு, ஐயா சொன்னபடியே கறுப்பு. மூன்றாவதைப் பார்த்ததும் பெரியம்மா கைதட்டி எங்களை எல்லாம் கூப்பிட்டார். உடல் முழுவதும் வெளிர்ப்புள்ளிகள், வாலில் பட்டைகள். "தாயைப் போல ஒன்று வந்துவிட்டது" என்று அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. படத்தை இணைத்திருக்கிறேன். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

பனங்கூடல் | ஜூன் 27, காலை 8.30

குயில் குஞ்சு, அம்மா. பெண்.

வாசல்வேம்பு | ஜூன் 27, காலை 9.10

நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொல்றோமே, இதுக்கு அடுத்தவ குஞ்சும் பொன் குஞ்சுதான்" என்றார். பழுப்புக் காக்கை மூன்றுக்கும் வரிசையாக ஊட்டிக்கொண்டிருக்கிறது. குயில் குஞ்சுதான் அதிகமாகக் கத்துகிறது, அதிகமாகவும் வாங்கிக்கொள்கிறது.

மணிப்புறா | ஜூன் 27, மாலை 4.00

குஞ்சு வளர்ப்பு முடிந்ததும் தாய்ப்பறவை இறகு உதிர்க்கும். இறக்கையின் பெரிய இறகுகள் உள்ளிருந்து வெளிப்புறமாக ஒவ்வொன்றாக மாறும். இடமும் வலமும் ஒரே சமயத்தில். அதைக் கவனித்து எழுதுங்கள் அம்மா. வெளுத்த பழைய இறகும் புதிய இறகும் ஒரே இறக்கையில் அருகருகே இருக்கும் காட்சி சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும்.

வாசல்வேம்பு | ஆகஸ்ட் 18, காலை 7.30

மருத்துவர் ஐயா சொன்னது தெரியத் தொடங்கிவிட்டது. இன்று காலை மதிலில் உட்கார்ந்து இறக்கையைக் கோதியபோது நன்றாகப் பார்த்தேன். ஒவ்வோர் இறக்கையிலும் நான்கு புதிய இறகுகள் முளைத்திருக்கின்றன. தாளின்மேல் வைத்துப் பார்த்த அந்த இறகின் உள்ளோரத்தில் மட்டும் கண்ட காப்பிக்கொட்டை நிறம் இப்போது நுனிவரை இருக்கிறது. வெளிப்பக்கத்தில் இன்னும் ஆறு இறகுகள் வெளுத்தபடியே நிற்கின்றன. நாளை மறுபடியும் எண்ணுவேன்.